களை எடுத்த இடத்துக்குத் திரும்பி வருகிற குழு: ஒரு காட்டுப்பாதைச் சீரமைப்புச் சேவை பற்றிய மதிப்புரை

நடைப்பயணிகள் செல்லும் ஒரு காட்டுப்பாதையின் இருபுறமும் மண்டிக் கிடக்கும் அயல்களைகளை நீக்கி, அந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை மீண்டும் தழைக்கச் செய்யும் தன்னார்வலர் குழு ஒன்றுடன் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மாதம் இருமுறை அரைநாள் பணி நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துகொண்டு சேரலாம், கருவிகளையும் பயிற்சியையும் குழுவே தருகிறது, கட்டணம் கிடையாது. பொதுமக்களுக்கான எந்தச் சேவையையும் எடைபோட்டுப் பார்ப்பதைப் போலவே இதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நல்ல நோக்கத்தோடு செய்கிறார்கள் என்பதற்காக மதிப்பீடு செய்யாமல் விட்டுவிட்டால், முறையாகச் செய்கிறவர்களுக்கும் பெயருக்குச் செய்கிறவர்களுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் தெரியாமலே போய்விடும். குறைகளையும் சொல்லப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இதற்கு முன்பு வேறோர் அமைப்பு நடத்திய மரம் நடும் நாளில் கலந்துகொண்டிருக்கிறேன். அன்று ஒரே காலையில் சில நூறு கன்றுகளை நட்டோம். புதர்களை வேரோடு எடுக்க நேரமில்லை என்று சொல்லி, அரிவாளால் தரையோடு அறுத்துவிட்டு, அந்தத் தூர்களுக்கு நடுவிலேயே குழி தோண்டினோம். அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். அறுபட்ட ஒவ்வொரு தூரிலிருந்தும் ஐந்தாறு கிளைகள் கிளம்பி, இடுப்பளவு உயர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. குனிந்து தேடியதில் என் கையில் அகப்பட்டவை கறுப்புப் பாலித்தீன் பைகளின் கிழிசல்களும் கன்றுகளுக்கு முட்டுக்கொடுத்த குச்சிகளும்தான். உயிருள்ள கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நட்ட பிறகு அங்கே யாரும் ஒருமுறைகூட வரவில்லை என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வருத்தத்திலிருந்துதான் என் அளவுகோல் உருவானது. எத்தனை கன்று நட்டீர்கள் என்று இப்போது நான் எந்தக் குழுவிடமும் கேட்பதில்லை. களை எடுத்த இடத்துக்கு எத்தனை முறை திரும்பிப் போனீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாதையோரம் களைகளுக்கு மிகவும் தோதான இடம். மரங்கள் விலகியிருப்பதால் அங்கே தரையில் வெயில் விழுகிறது; மண் ஓயாமல் மிதிபடுகிறது, சரிகிறது, கிளறப்படுகிறது; நடப்பவர்களின் காலணிச் சேற்றிலும் ஆடைகளிலும் உடன் வரும் நாய்களின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்டு விதைகள் வந்து சேர்கின்றன. அங்கே வேரூன்றிய களை மெல்ல மெல்லக் காட்டின் உட்பகுதிக்கு நகர்கிறது. ஐபிபிஇஎஸ் எனப்படும் பன்னாட்டு அறிவியல் மன்றம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர்களால் புதிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே நிலைத்துவிட்ட உயிரினங்கள் 37,000-க்கும் அதிகம். அவற்றுள் 3,500-க்கும் மேற்பட்டவை தீங்கு விளைவிப்பவை. பதிவாகியுள்ள தாவர, விலங்கு இன அழிவுகளில் 60 விழுக்காட்டில், தனியாகவோ பிற காரணங்களுடன் சேர்ந்தோ, இத்தகைய ஊடுருவிகளுக்குப் பங்கு உண்டு. இந்தக் குழு பணிக்கு வருகிற ஒவ்வொருவரையும் பாதைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பு நிறுத்தி, கம்பித் தூரிகையால் காலணியின் அடிப்பள்ளங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்கிறது. முதல் நாள் என் காலணியிலிருந்து விழுந்த சேற்றுக்கட்டியை ஒருவர் உடைத்துக் காட்டினார். அதற்குள் நான்கு விதைகள் இருந்தன.

அடுத்து, செடிகளை இனங்காணும் பயிற்சி. இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதி இதுதான். களை எது, காக்க வேண்டிய செடி எது என்று தெரியாதவர் கையில் களைக்கொத்தியைக் கொடுப்பது ஆபத்து என்பதை நான் என் தவறிலிருந்தே கற்றேன். முதல் நாளில் விரலளவு உயர்ந்திருந்த நாற்றுகளை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனேன். வழிநடத்திக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர் அருகில் வந்து, "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க கையில வச்சிருக்கறதுல பாதி நம்ம செடி" என்றார். கோபமில்லாமல் என் பக்கத்தில் அமர்ந்து, இரண்டு நாற்றுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டுக்கும் இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தன. இரண்டின் இலையோரமும் ரம்பப்பல் போலிருந்தது. "தண்டை விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க" என்றார். ஒன்று வழுவழுவென்று உருண்டது. மற்றொன்று நான்கு விளிம்புகளோடு தட்டித் தட்டி நகர்ந்தது. பிறகு இலைகளைக் கசக்கி முகரச் சொன்னார். சதுரத் தண்டுள்ள நாற்றின் இலை சொரசொரப்பாக இருந்தது. அதிலிருந்து மூக்கைத் துளைக்கும் கார நெடி வந்தது. அது உண்ணிச்செடி. மற்றதில் பச்சை வாடை தவிர வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் நான் எந்த நாற்றையும் பிடுங்கியதில்லை. நான் பிடுங்கிவிட்ட நாற்றுகளில் வேர் அறுபடாதவற்றை அவர் அங்கேயே திரும்ப ஊன்றி, தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கொப்பை நிழலுக்குச் செருகினார். அவற்றில் சில பிழைத்துக்கொண்டன.

சிறுவயது முதல் பார்த்துப் பழகிய செடி என்பதாலேயே அது அந்த மண்ணுக்குரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். காயத்துக்குச் சாறு பிழியும் வெட்டுக்காயப் பூண்டுகூட வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியதுதான். ஆனால் குழு அதன்மேல் நேரம் செலவிடுவதில்லை. பிற செடிகளை நெருக்கி அழிக்கும் களைகளுக்கே முதலிடம் என்று தெளிவாக முடிவு செய்திருக்கிறார்கள். அயல்செடி எல்லாவற்றையும் ஒரே வெறுப்போடு பார்க்காத இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த முதலிடம் உண்ணிச்செடிக்கு. அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டு, பறவைகள் உண்ட பழங்களின் வழியாகக் காடுகளுக்குள் சென்ற செடி அது. வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். தரையில் கிடக்கும் கிளையும் ஈரம் கண்டால் வேர்விடும். குழு பின்பற்றுவது, டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய வேர்த்தூர் வெட்டும் முறை. கார்பெட் புலிகள் காப்பகத்தில் செயல்படுத்தப்பட்ட முறை அது. தூரைச் சுற்றியுள்ள சருகை விலக்கி மண்ணைச் சுரண்டினால், தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடம் புடைப்பாகத் தெரியும். துளிர்கள் கிளம்புவது அந்தப் புடைப்பிலிருந்துதான். அதற்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், நீண்ட கைப்பிடியுள்ள கனத்த வெட்டுக்கருவியால் ஆணிவேரை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். இரண்டு பேர் கவைக்கோல் கொடுத்துப் புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள்; வெட்டுப்பட்ட வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்து போகும். ஒரு புதருக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மண்ணில் விழும் காயம் ஒரு கையகலம்தான். இயந்திரத்தால் வழித்தெடுத்த நிலத்தையும் இப்படி வெட்டிய இடத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு, கிளறிய மண் எவ்வளவு விரைவாகப் புதிய களைக்கு நாற்றங்காலாக மாறிவிடுகிறது என்பது விளங்கும்.

பார்த்தீனியம் வேறு வகையான கவனத்தைக் கேட்கிறது. பூப்பதற்கு முன்பு, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது எடுத்தால்தான் வேர் முழுதாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு முறிந்து, அடிப்பகுதி மீண்டும் தழைக்கும். தோலில் ஒவ்வாமையையும் மூச்சுத்தொல்லையையும் உண்டாக்கக்கூடிய செடி என்பதால் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை மூன்றும் இல்லாதவர்களைக் குழு அந்தப் பணியில் சேர்ப்பதில்லை. இந்த விதியில் யாருக்கும் விலக்கு அளித்து நான் பார்த்ததில்லை.

பணியின் வரிசைமுறைதான் புதிதாக வருகிறவர்களுக்கு வியப்பளிக்கும். களை மிக அடர்ந்த இடத்தில் தொடங்குவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். இந்தக் குழுவோ உள்ளூர்ச் செடிகள் ஏறக்குறைய நலமாக இருக்கும் பகுதியில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் களைகளை எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. 1960-களில் சிட்னி நகரின் மோஸ்மன் பகுதியில் ஜோன் பிராட்லி, எயிலீன் பிராட்லி என்ற சகோதரிகள் தங்கள் கையால் செய்து பார்த்து வகுத்த வழி இது. நல்ல பகுதியிலிருந்து மோசமான பகுதியை நோக்கிப் போக வேண்டும். மண்ணை இயன்றவரை கலைக்கக் கூடாது. எடுத்த இடத்தை உள்ளூர்ச் செடிகள் நிரப்பும் வேகத்தைத் தாண்டி அடுத்த இடத்துக்குக் களைக்கொத்தியைக் கொண்டுபோகக் கூடாது. மூன்றாவது விதியைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். நாற்பது பேர் உற்சாகத்தோடு வந்து நிற்கும்போது, இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்ல மனவுறுதி வேண்டும். இந்தக் குழு பெரும்பாலும் அப்படிச் சொல்லிவிடுகிறது.

ஒரே ஒரு முறை சொல்லத் தவறியது. அதன் விளைவையும் நான் பார்த்தேன். சென்ற ஆண்டு பாதை வளைந்து ஏறும் ஒரு சரிவில், ஆள்பலம் நிறைய இருந்ததால், ஒரே காலையில் முழுச் சரிவையும் களை நீக்கி வெறுமையாக்கிவிட்டோம். இரண்டு வாரத்தில் பெய்த கனமழை அங்கிருந்த மேல்மண்ணை வாரிக்கொண்டு வந்து பாதையில் கொட்டியது. வேரை வெட்டிச் சாய்த்தபோது களையும்கூட அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகு, நன்றாகக் காய்ந்த தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி மண் ஓடுவதைத் தடுத்தார்கள். சரிவுகளில் பட்டை பட்டையாக இடம்விட்டே களை எடுப்பது என்றும் முடிவு செய்தார்கள். தவறை அடுத்த பணிநாளின் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. இருந்தாலும் அந்தச் சரிவு இன்னும் முழுமையாகத் தேறவில்லை. இந்த மதிப்புரையில் நான் சொல்லும் குறைகளில் இதுவே பெரியது.

இடம்விட்டு எடுப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அயல்களையாக இருந்தாலும் அடர்ந்த புதர் சிறு பறவைகளுக்கு ஒளிவிடம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அவை போக்கிடம் இல்லாமல் தவிக்கும். ஒவ்வொரு புதரையும் வெட்டுவதற்கு முன்பு கிளைகளை விலக்கி உள்ளே பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு காலையில் நான் விலக்கிய கிளைக்குப் பின்னால், என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், வேர்நாராலும் காய்ந்த புல்லாலும் முடைந்த சிறு கிண்ணம் போன்ற கூடு இருந்தது. அதன் அடியில் புள்ளிகளோடு இரண்டு முட்டைகள். மெல்லக் கிளையை விட்டுவிட்டுப் பின்வாங்கிச் சொன்னேன். உடனே அந்தப் புதரைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு யாரும் போகக் கூடாது என்று துணிக்கட்டு கட்டி அடையாளம் வைத்து, எங்கள் அணியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் புதர் நான்கு மாதம் அப்படியே நின்றது.

நடும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் குழு குறைவாகவே நடுகிறது. களை நீங்கி வெளிச்சம் பட்டதும், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த உள்ளூர் விதைகள் தாமாக முளைப்பதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் மட்டும், அதே காட்டில் சேகரித்த விதையிலிருந்து வளர்த்த கன்றுகளையும் புல்லையும் வைக்கிறார்கள். ஒரு செடியிலிருந்து எல்லா விதைகளையும் பறித்துவிடக் கூடாது என்று விதை சேகரிக்கும்போது மறக்காமல் நினைவூட்டுகிறார்கள். கன்றைச் சுற்றி மூடாக்கு இடும்போது தண்டை ஒட்டிக் குவிக்காமல் நான்கு விரல் இடைவெளி விடச் சொல்வதும் சரியே. ஈரம் தண்டிலேயே தங்கினால் பட்டை அழுகிவிடும். ஆனால் கன்றுகளின் தரம் ஒரே சீராக இல்லை. பையில் அதிக நாள் வைத்திருந்ததால் வேர் அடியில் சுருண்டு வளையமாகிவிட்ட கன்றுகளை இரண்டு முறை பார்த்தேன். அப்படியே நட்டால் வேர் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மரம் வளர்ந்தாலும் காற்றுக்கு நிற்காது. சுருண்ட வேரைக் கத்தரித்துவிட்டு நட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்தார்கள்; புதியவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

புதியவர்கள் தொடர்பான குறை இது ஒன்று மட்டுமில்லை. பதினைந்து பேர் வரும் நாளில் பயிற்சி அருமையாக இருக்கிறது. நாற்பது பேர் வந்துவிட்டால் மூன்று வழிநடத்துநர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அத்தகைய நாள்களில் உள்ளூர் நாற்றுகள் பிடுங்கப்பட்டுக் களைக்குவியலில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பதிவு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்படி இரண்டு முறை எழுதிக் கேட்டேன், இதுவரை வைக்கவில்லை. கையுறைகள் எல்லாம் ஒரே பெரிய அளவில் இருப்பதால், சிறிய கைகள் உள்ளவர்கள் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் முள்ளைப் பிடிக்கிறார்கள். எளிதில் சரிசெய்யக்கூடிய இந்தக் குறையை ஏன் இவ்வளவு காலம் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று விளங்கவில்லை. கத்தரிகளும் வெட்டுக்கருவிகளும் எப்போதும் கூர்மையாகவும் எண்ணெய் தடவியும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் அளவுகோலுக்கு வருகிறேன். நான் முதன்முதலாகப் பணியாற்றிய நாற்பது மீட்டர் பகுதியைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு கவனித்து வந்திருக்கிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் குழு அங்கே ஒன்பது முறை திரும்பி வந்திருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு வந்தபோது, வெட்டிய இடமெங்கும் உண்ணிச்செடி நாற்றுகள் கம்பளம் விரித்தது போல் முளைத்திருந்தன. மண்ணில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த விதைகளின் வேலை அது. இவ்வளவு உழைத்தும் இப்படியா என்று சோர்ந்துபோனேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு முறையும், பூக்கும் வாய்ப்பையே கொடுக்காமல், இரு விரலால் கிள்ளி எடுத்தோம். நான்காவது முறைக்குள் எண்ணிக்கை பாதியானது. ஏழாவது முறை நாங்கள் ஆறு பேர் ஒரு மணி நேரம் தேடியதில் இரண்டு கைப்பிடிதான் கிடைத்தது. அதே நேரத்தில், யாரும் விதைக்காத ஒரு கொத்துப்புல் மண்ணை மூடத் தொடங்கியது; அதன் நிழலில், அன்று என் உள்ளங்கையில் உருண்ட அதே வழுவழுப்பான தண்டுள்ள செடி இப்போது முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு குறை மட்டும் சொல்வேன்: குறித்த இடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வைக்கிறார்கள், ஆனால் அந்தப் படங்களைத் தன்னார்வலர்களுக்குக் காட்டுவதில்லை. முதல் மழைக்குப் பின் மனம் உடைந்து வராமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் அவர்களில் சிலராவது தொடர்ந்து வந்திருப்பார்கள்.

ஒருநாள் மட்டும் வந்து பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் குறைவான மாதங்களில் வருவது நல்லது; கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலையே அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், விதை சுத்தம் செய்வது, நாற்றுப்பை நிரப்புவது போன்ற வேலைகளை மேசையருகே ஒதுக்கித் தருகிறார்கள். தங்கள் கைக்குப் பொருந்தும் கையுறையை உடன் கொண்டுவருவது நலம். தொடர்ந்து வர முடிந்தவர்கள் ஒரே பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கேட்டால் தருகிறார்கள்.

பாதையின் கடைசிப் பகுதியில், ஆற்றை ஒட்டிய தாழ்விடத்தில், இன்றைக்கும் உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் களை அடர்ந்திருக்கிறது. நடக்க வருகிறவர்கள் அதைக் காட்டி, இவ்வளவு காலமாக என்ன செய்தீர்கள் என்று எங்களிடம் கேட்கிறார்கள். அங்கே போய்ச் சேர இப்போதைய வேகத்தில் இன்னும் மூன்று மழைக்காலமாவது ஆகும் என்று குழு வெளிப்படையாகவே சொல்கிறது. அடுத்த பணிநாளில் நாங்கள் போகப்போவது அங்கே அல்ல. பத்தாவது முறையாக அதே நாற்பது மீட்டருக்குத்தான்.